நம்முடையது என்று சொல்லக் கூச்சம் ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வரும்: நம் ஆட்களுக்கு நம்முடையது ஏன் பிடிக்காமல் போகிறது? வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு சமூகம் தன் பண்பாட்டையே வெறுக்குமா? அது வெறுப்புதானா?

வெறுப்பு என்பதைவிடக் கூச்சம் என்பதே சரியான சொல் என்று நினைக்கிறேன். ஒன்றை வெறுக்க எதிரே ஆள் தேவையில்லை, தனியாக உட்கார்ந்தே வெறுக்கலாம். கூச்சத்துக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். யாரோ பார்க்கிறார்கள், பார்த்து மட்டமாக எடைபோடுகிறார்கள் என்ற நினைப்பு வந்த பிறகுதான் கூச்சம் பிறக்கும்.

என் ஆச்சிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வடித்து நீண்ட காது, அதில் தோளைத் தொடும் பாம்படம் என்ற காதணி. தம்பி பிறந்தபோது அம்மாவுக்குத் துணையாகச் சென்னைக்கு வந்து எங்களோடு தங்கிவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டுப் பையன்கள் ஆச்சியின் காதைக் காட்டிச் சிரிப்பார்கள். பள்ளிக்கூட வாசலுக்கு என்னைக் கூட்டிப்போக வரும்போது முந்தானையால் காதை மூடிக்கொண்டு வா என்று ஒருநாள் சொன்னேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் முதல் மூடிக்கொண்டு வந்தாள். அந்த வருஷமே ஒரு டாக்டரிடம் போய்த் தொங்கிய காதை வெட்டித் தைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் பல வருஷம், படுக்கப் போகும் முன் அவள் இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போகும், கழற்றி வைப்பதற்காக. அங்கே ஒன்றும் இருக்காது.

ஆச்சிக்குப் பாம்படத்தின் மேல் ஒரு நாளும் வெறுப்பு இருந்ததில்லை. ஊரில் இருந்தவரை அது அவள் மதிப்பு. பேரனின் கண்ணில் அது எப்படித் தெரிகிறது என்று பார்த்த பிறகுதான் அறுத்தாள்.

இதில் இன்னொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். காது வடிப்பது சின்ன வலி இல்லை. குழந்தைப் பருவத்திலேயே காதைக் குத்தி, பஞ்சு திணித்து, துளை பெரிதானதும் குணுக்கு மாட்டி, கனத்தைக் கூட்டிக்கூட்டி இழுக்க விடுவார்கள். ஆச்சி தன் பெண்களுக்கு, அதாவது என் அத்தைகள் இருவருக்கும், காது வடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “எனக்கு ஆறு மாசம் சீழ் வடிஞ்சுது. பிள்ளைகளுக்கு எதுக்குல அது” என்றாள். ஆக, ஒரே பழக்கத்தை அவள் இரண்டு முறை விட்டிருக்கிறாள். ஊரில் விட்டது வலி தெரிந்து, தானாக எடுத்த முடிவு. சென்னையில் விட்டது கூசிப்போய். முதலாவதைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் நிமிர்ந்து இருக்கும். இரண்டாவதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

இதெல்லாம் மெக்காலே பார்த்த வேலைதானே?

பாதி அப்படித்தான். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய வெள்ளைக்கார அதிகாரி மெக்காலே 1835-இல் எழுதிய கல்விக் குறிப்பில், நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு தட்டு, இந்தியா, அரேபியாவின் இலக்கியம் மொத்தத்துக்கும் ஈடாகும் என்கிறார். தனக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்பதையும் அதே குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். அந்த வசனம் வெறும் வாய்ப்பேச்சாக நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதன் பின்னால் சம்பளம் வந்தது. சர்க்கார் கச்சேரி உத்தியோகமும் கோர்ட்டு உத்தியோகமும் ஆங்கிலம் படித்தவனுக்கு என்று ஆனதும், வீட்டிலிருக்கும் படிப்புக்குச் சந்தையில் விலை இல்லாமல் போனது. விலை போகாத பண்டத்தை எத்தனை நாள் மதித்துக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் மெக்காலேவுக்கு 23 வருஷம் முன்பே, 1812-இல், இதே சென்னையில் எல்லிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை அமைப்பதில் முன்னின்றார். நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயரில் இருப்பது அந்தக் கல்லூரிதான். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816-இல் எழுதினார். எல்லா வெள்ளைக்காரர்களும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

மறுபாதி நம்முடையது. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன உ.வே.சாமிநாதையருக்கு, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்ட செய்திதான் கிடைத்தது. எரித்தவர்கள் மெக்காலேயைப் படித்தவர்கள் இல்லை. பக்தியோடுதான் எரித்தார்கள். ஏட்டை வணங்கத் தெரிந்தது, வாசிக்கத் தெரியாமல் போயிருந்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1880-இல் கும்பகோணத்தில் நடந்தது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று தான் படித்ததை எல்லாம் உ.வே.சா. பெருமையாக அடுக்க, ‘இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா’ என்று கேட்டவர் சேலம் இராமசாமி முதலியார். அவர் முன்சீப், ஆங்கிலம் படித்த உத்தியோகஸ்தர். பழைய தமிழைத் தேடச் சொன்னவர் இங்கிலீஷ் படித்தவர். அதைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர் தமிழே மூச்சாக இருந்த வித்துவான். ஏழு வருஷ உழைப்புக்குப் பிறகு, 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. சமண நூல் என்பதால், சைவரான உ.வே.சா. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ப் பொருள் கேட்டுத்தான் அதைப் பதிப்பித்தார். ஆங்கிலத்தைத் திட்டுவதால் நம்முடையது நம் கைக்கு வந்துவிடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு கதை போதும்.

பெற்றோரே பிள்ளைகளிடமிருந்து சொந்த மொழியை ஏன் பிடுங்குகிறார்கள்?

பிரியத்தால்தான். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் நான் பார்த்த ஒரு அம்மாவும் தமிழை வெறுத்துப் பிள்ளையிடம் இங்கிலீஷ் பேசவில்லை. தான் பட்ட அவமானம் பிள்ளைக்கு வரக் கூடாது என்றுதான் பேசினாள். இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்தது, பிள்ளையின் ரிப்போர்ட் கார்டைக் காட்டி மிஸ் கேட்டது புரியாமல் தலையாட்டியது, இவையெல்லாம் அவர்கள் தொண்டையில் நிற்கிற முள்.

நான் படித்த பள்ளியில் வளாகத்துக்குள் தமிழ் பேசினால் 25 காசு அபராதம். வகுப்பு லீடரிடம் ஒரு நோட்டு இருக்கும். யார் பேசினார் என்று எங்களுக்குள்ளேயே காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டு நூற்றாண்டு முன்பு வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதேதான் நடந்தது. வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் பேசுகிறார் என்று பார்த்து அவன் கழுத்துக்கு மாற்றலாம். பள்ளி முடியும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. அப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் கிடையாது. பள்ளிகளே செய்தன, பல ஊர்களில் பெற்றோர் சம்மதத்தோடு. 1847-இல் வெல்ஷ் தெரியாத மூன்று அதிகாரிகள் வந்து விசாரித்து, அந்த மொழியையும் அந்த மக்களின் ஒழுக்கத்தையும் சேர்த்து இழிவாக அறிக்கை எழுதினார்கள். வேல்ஸ் மக்கள் அதை ‘நீலப் புத்தகத் துரோகம்’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

அந்த மரத்துண்டை நினைத்தால் எனக்கு அடி பெரிதாகத் தெரிவதில்லை. பக்கத்துப் பையன் எப்போது தாய்மொழியில் வாய் திறப்பான் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வைத்தார்களே, அதுதான் உறுத்துகிறது. நானும் அந்த நோட்டில் பெயர் எழுதக் கொடுத்தவன்.

அதே வேல்ஸில் 1982-இல் வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி வந்தது. வெல்ஷ் வழிப் பள்ளியில், வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேசும் பெற்றோரும் இன்று பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். மொழிக்கு வேலையும் இடமும் கொடுத்ததால் வந்த மாற்றம் அது.

வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆன பிறகுமா?

2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியை, வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. வெளியீட்டு விழா தமிழ்நாட்டில், வந்தவர் தமிழர், தடுத்தவரும் தமிழர். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் வேட்டிக்குத் தடை போடும் கிளப்புகளுக்கு எதிராகச் சட்டம் வந்தது. விதி எழுதியவன் கப்பலேறிப் பல வருஷம் கழித்தும் அந்த விதியை நாமே காவல் காத்திருக்கிறோம்.

என் பாட்டனை ஊருக்கு வெளியே நிறுத்திய பாரம்பரியம் இது. இதை நான் ஏன் மதிக்க வேண்டும்?

மதிக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் மாணவி ஒருத்தியின் அப்பா. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன்: நீங்கள் விடுவது வலித்து விடுவது. அதற்குச் ‘சொந்தப் பண்பாட்டை வெறுக்கிறான்’ என்று பெயர் வைப்பவர்களுக்கு உங்கள் வலி தெரியவில்லை, அல்லது தெரிய விருப்பமில்லை. 1925 முதல் பெரியார் நடத்திய இயக்கத்துக்கு அவர் வைத்த பெயரே சுயமரியாதை. இவர்கள் பண்பாட்டை அழிக்க வந்தவர்கள் என்று யாராவது சொன்னால், பெரியாரே 1935-இல் தன் பத்திரிகையில் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத்தான் 1978-இல் அரசு ஏற்று, இன்று நாம் எல்லோரும் எழுதுகிறோம் என்பதை நினைவுபடுத்துவேன்.

பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டுக்குப் பறையடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை. கூலி கேட்க முடியாது, மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பல ஊர்களில் அந்த மக்களே ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையை எறிந்தார்கள். அடிக்கப் போன மகனைத் தடுத்த அப்பாக்கள் உண்டு. அவர்கள் செய்தது சரி. பிறகு அதே வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள், ‘இழிவு தோலில் இல்லை, எங்கள் தலையில் கட்டியவர்களிடம் இருந்தது’ என்று சொல்லிப் பறையை மேடையில் ஏற்றினார்கள். அவர்கள் செய்ததும் சரி. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எறிந்தவருக்கும் எடுத்தவருக்கும் தீர்ப்பு சொல்லும் உரிமை உண்டு. பக்கத்துத் தெருவில் நின்று காதைப் பொத்திக்கொண்டு ‘சாவு மேளம்’ என்று முகம் சுளித்தவர்களுக்கு, இப்போது ‘தமிழன் இசை’ என்று தலை நிமிர்த்தும் முன் சொல்ல வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்றையும் இந்த நகரத்திலேயே ஒருவர் காட்டினார். ராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டு, 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார் அயோத்திதாசர். ‘உங்களுக்குப் பாரம்பரியமே கிடையாது’ என்று சொல்லப்பட்ட மக்களுக்காக, பழைய இலக்கியத்தையும் திருவிழாக்களையும் பௌத்தத்தின் கண்ணால் திரும்பப் படித்து, எங்களுடையதுதான் மூத்தது என்றார். அவர் சொன்ன விளக்கங்கள் அனைத்தையும் எல்லோரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் அவர் எழுதி வைத்த ஒரு செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை. வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஏட்டைக் கொண்டுபோய் எல்லிஸிடம் சேர்ப்பித்தவர் என்கிறார். ஊரில் கோயிலுக்குள் நுழைய முடியாதவர் வீட்டுப் பரணில் திருக்குறள் இருந்திருக்கிறது. மேலே சொன்ன கோயிலில் ஏடு நெருப்புக்குப் போனதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் மட்டும்தானா இப்படி?

இல்லை. அந்தக் காலத்தில் ஜப்பானை யாரும் பிடித்து ஆளவில்லை. ஆனாலும் 1868-இல் மெய்ஜி அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரித்து ஆணை போட்டபோது, ஆயிரம் வருஷப் பௌத்தக் கோயில்களை ஜப்பானியரே இடித்தார்கள், சிலைகளை விற்றார்கள். முப்பது வருஷம் ஆவதற்குள், 1897-இல், பழைய கோயில்களைக் காக்க அதே அரசு சட்டம் கொண்டு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஆட்சி செய்தவனும் வெள்ளை, ஆளப்பட்ட குடியேறிகளும் வெள்ளை, பேச்சும் ஒரே இங்கிலீஷ். அங்கேயும் லண்டனிலிருந்து வந்ததுதான் ஒசத்தி என்று தங்கள் எழுத்தாளர்களையே மட்டம் தட்டும் பழக்கத்தை 1950-இல் ஏ.ஏ. பிலிப்ஸ் என்ற விமர்சகர் ‘பண்பாட்டுக் கூனிக்குறுகல்’ என்று பொருள்படும் ஒரு தொடரால் குறித்தார். நிறம், மொழி எதுவுமே வேறுபட வேண்டியதில்லை, எடைபோடும் தராசு இன்னொருவர் கையில் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பின உளவியலாளர் தம்பதி, 1940-களில் சின்னக் குழந்தைகள் முன் நிறம் மட்டும் வேறான ஒரே மாதிரிப் பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கருப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். மூன்று வயதில் எந்தப் புத்தகத்தைப் படித்திருப்பார்கள்? பள்ளிகளில் நிறம் பிரிப்பதை 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியபோது இந்தச் சோதனையும் பேசப்பட்டது.

மதிப்பு திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

யாருக்குத் திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். சதிர் ஆட்டத்தை 1890-களில் படித்தவர்கள் அசிங்கம் என்றார்கள். அதை ஆடிய பெண்களின் வாழ்க்கையில் கொடுமை இருந்தது உண்மை. முத்துலட்சுமி ரெட்டி போராடியதும், 1947-இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதனால்தான். ஆனால் 1930-களில் அதே ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறி சபா மேடைக்கு வந்தபோது, தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த குடும்பங்களில் மிகச் சிலரே கூட ஏறினார்கள். கலைக்கு மரியாதை வந்தது. கற்றுக்கொடுத்தவளுக்கு வரவில்லை.

இசையிலும் உண்டு. இதே சென்னைக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு ‘துக்கடா’ என்று கடைசியில்தான் இடம். அதைக் கேட்டு வெகுண்டுதான் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தமிழ்நாட்டில் தமிழில் பாடச் சொல்லி ஒரு இயக்கம் தேவைப்பட்டது.

பெரம்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் விற்கிறார். அலுமினியக் குண்டானில் கூழ், தட்டில் மோர் மிளகாய், கொத்தவரை வத்தல், உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு சிறுதானியத்துக்குக் கண்ணாடி வைத்த கடைகள் வந்துவிட்டன. “கூழ் குடிக்கிறவன்னு எங்கள சொல்லுவாங்க சார், இப்போ அவங்களே பாக்கெட்ல வாங்கிப் போறாங்க” என்றார். அவர் வண்டி நிற்கும் இடத்துக்கு இன்னும் உத்தரவாதம் இல்லை.

2017-இல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக அத்தனை பேர் திரண்டார்களே? தமிழனுக்குப் பெருமைக்கு என்ன குறை?

நானும் இரண்டு இரவு அந்த மணலில் இருந்தேன். அந்த ஒழுங்கையும் அந்தப் பிள்ளைகளின் முகத்தையும் மறக்க முடியாது. ஆனால் உரக்கச் சொல்லும் பெருமையைப் பார்த்துக் கூச்சம் போய்விட்டது என்று எண்ணக் கூடாது. ‘உலகின் முதல் குரங்கு தமிழ்க் குரங்கு’ என்கிற வகைப் பேச்சு, உலகம் நம்மைக் கைதட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தில் வருவது. அங்கேயும் வெளியாள் பார்வைதான் அளவுகோல். கீழடி அகழாய்வுக்கு அந்த மிகை தேவையே இல்லை. அங்கே கிடைத்த பொருள்களில் பழையது கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குப் போகிறது, பானை ஓட்டில் சாதாரண மனிதர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அந்த ஓடு போதும் எனக்கு.

என் மகள் தமிழ் பேசவே கூச்சப்படுகிறாள். என்ன செய்யட்டும்?

முதலில் திட்டாதீர்கள். அவள் வீட்டிலும் ஒரு அபராத நோட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். தமிழின் பெருமை பற்றிப் பிரசங்கமும் வேண்டாம்.

நீங்கள் மால் கவுன்டரில், வங்கியில், பள்ளி ஆபீஸில் அவள் பக்கத்தில் நிற்கும்போது தமிழில் பேசுங்கள், குரலைத் தாழ்த்தாமல். பிள்ளைகள் கேட்பதைவிட, நாம் எங்கே குரலைத் தாழ்த்துகிறோம் என்று கவனிக்கிறார்கள். பிறகு, அவளுக்குத் தமிழில் ஒரு வேலை கொடுங்கள். தாத்தாவின் மருந்துச் சீட்டுக்குத் தமிழில் குறிப்பு எழுதித் தருவது, பாட்டி செய்யும் குழம்பின் பக்குவத்தை அவள் சொல்லச் சொல்ல எழுதி எடுப்பது. பயன் இருக்கும் இடத்தில் கூச்சம் நிற்பதில்லை.

வெளியே கூட்டிப் போங்கள். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட், சரளைக் கற்களுக்கு நடுவே ஆதி மனிதன் செதுக்கிய கல் கருவி ஒன்றை எடுத்தார். இந்தியாவின் கற்காலம் பற்றிய ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. பல்லாவரம் ஏர்போர்ட்டைத் தாண்டியதும் வருகிற ஊர்தான். என் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் ரோட்டோரக் கல்லை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

உங்கள் ஆச்சியின் பாம்படம் இப்போது எங்கே?

கதை கேட்ட பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது. காது தைத்த மறுமாதம் அப்பா அதைக் கடைக்குக் கொண்டு போனார். பாம்படத்துக்கு மேலேதான் தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கடைக்காரர் உருக்கி அரக்கைக் கழித்ததும் தங்கம் நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை. அதில் செய்த ஒற்றைச் செயின் என் அக்கா கழுத்தில் இருக்கிறது. ஆச்சியின் பழைய காதோடு எடுத்த போட்டோ எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. இருக்கிற ஒரே படத்தில் முந்தானை காதை மூடியிருக்கிறது.